போகப் போகக் கஷ்டம்

"அண்ணி, இவ்வளவு லேசா வரும்னு தெரிஞ்சிருந்தா ஆறு மாசம் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டிருக்கவே மாட்டேன்."

தேர்வு மையத்தின் வரவேற்பறையில், பைகளை வைக்கும் இரும்புப் பெட்டிகளில் ஒன்றைத் திறந்துகொண்டே நாத்தனார் சொன்னாள். அண்ணி முன்னமே வெளியே வந்து சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"நீ எங்க தூக்கத்தைக் கெடுத்த? புத்தகத்தைத் தலைக்கு வச்சுத் தூங்கின."

"அதான் அப்படியே உள்ளே இறங்கிடுச்சு. முதல் அஞ்சாறு கேள்வி கொஞ்சம் முறைச்சுச்சு. அப்புறம் போகப் போக ஒண்ணுமே இல்லை. கடைசியில வந்ததையெல்லாம் அஞ்சாம் கிளாஸ் பிள்ளையே போட்டுடும்."

அண்ணி சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"உங்களுக்கு எப்படி அண்ணி?"

"எனக்குப் போகப் போகக் கஷ்டம். ஒவ்வொண்ணும் முந்தினதைவிட மோசம். கடைசிப் பத்து நான் எந்தப் புத்தகத்துலயும் பாக்காதது. ஒரு வாக்கியம் நாலு வரி ஓடுது. நாலு பதிலும் சரின்னு தோணுச்சு. அப்புறம் நாலும் தப்புன்னு தோணுச்சு."

"சும்மா சொல்லாதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே பரீட்சைதானே?"

"ஆளுக்கு ஒரு மாதிரி வருது போல. எனக்கு வாய்ச்சது அது."

அந்த வீட்டில் ஆங்கில இலக்கணம் என்றால் அண்ணிதான். குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். மாதிரிப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டும்போதும் வாய் எதையாவது முணுமுணுத்துக்கொண்டிருக்கும். பதினான்கு மாதங்களில் இரண்டாயிரத்துச் சொச்சம் கேள்விகள். வாக்கியத்தில் பிழை எங்கே என்று தேடித் தேடிப் பழகி, மாத்திரை அட்டையிலும் சலவை இயந்திரத்தின் கையேட்டிலும்கூடப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள். "அடுத்து என் சட்டைக் காலர்ல தைச்சிருக்கிற சீட்டைத் திருத்தப் போறா" என்று அண்ணன் கேலி செய்வான். நாத்தனாருக்குச் சொல்லிக்கொடுத்ததும் அண்ணிதான்.

ஆராய்ச்சிப் படிப்பில் சேர வேண்டும் என்பது அவளுடைய ஆசை. அறிவியல் தேர்வைத் தாண்டியாகிவிட்டது. மிச்சமிருந்தது இந்த ஆங்கிலத் தேர்வு ஒன்றுதான். விண்ணப்பிக்க இன்னும் மூன்று நாள். அடுத்த வருடம் வயது வரம்பு விடாது. நாத்தனாருக்கு அந்தக் கவலை இல்லை. இருபத்திரண்டு வயது. இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் எழுதலாம்.

"அண்ணனுக்குப் போன் பண்ணிட்டீங்களா?"

"இல்லை. காலையில பிள்ளைங்களுக்குத் தலை வாரி, சோறு கட்டி, எனக்குப் பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பாத்து அனுப்பினார். கம்ப்யூட்டர் பரீட்சைக்குப் பேனா எதுக்குன்னு நானும் சொல்லலை. அவர்கிட்ட இப்ப என்னன்னு சொல்ல?"

"மார்க் வரதுக்குள்ள ஏன் முகத்தைத் தொங்கப் போடறீங்க?"

"என்னை விடு. உன் நம்பரைக் கூப்பிடறாங்க பாரு."

வரவேற்பு மேசைப் பெண் அச்சு இயந்திரத்திலிருந்து ஒரு தாளை உருவி நீட்டினாள். நாத்தனார் குதிக்காத குறையாகப் போனாள். திரும்பி வரும்போது தாளை நாலாக மடித்திருந்தாள்.

"என்னாச்சு?"

"முப்பத்தொண்ணு."

"எத்தனைக்கு?"

"நூத்துக்குத்தான் அண்ணி. மெஷின் மாத்திப் போட்டிருக்கும். எனக்குக் கடைசியில ஒண்ணுகூடக் கஷ்டமா வரலையே."

குரல் உடைந்துவிட்டது. அண்ணி எழுந்து அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "அழாதே. வா, கேட்டுடலாம்."

மேசைப் பெண் மடிப்பைப் பிரித்துப் பார்த்தாள். தினமும் நாலு பேருக்குச் சொல்லிப் பழகிய குரலில் சொன்னாள்.

"மெஷின் சரியாத்தான் போட்டிருக்கும்மா. இது ஆளைப் பாத்துக் கேள்வி கொடுக்கற பரீட்சை. நீங்க சரியாப் போட்டா அடுத்தது இன்னும் கஷ்டமா வரும். தப்பாப் போட்டா இறக்கிக் கொடுக்கும். லேசாவே வந்துச்சுன்னா சறுக்கிக்கிட்டே போயிருக்கீங்கன்னு அர்த்தம். கடைசி வரைக்கும் கஷ்டமா வருதுன்னு புலம்பறவங்கதான் தொண்ணூறைத் தாண்டுவாங்க. பயிற்சிப் புத்தகத்துல ஆரம்பத்துலயே போட்டிருப்பாங்களே, பாக்கலையா?"

"நேரம் இல்லைன்னு ரெண்டு பேரும் நேரா கேள்விக்குப் போயிட்டோம்" என்றாள் நாத்தனார். மூக்கை உறிஞ்சியவள், சட்டென நிமிர்ந்தாள்.

"அண்ணி. உங்களுக்குத்தானே கடைசி வரைக்கும் கஷ்டமா வந்துச்சு?"

அண்ணி மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாத்தனார் கண்ணைத் துடைத்துவிட்டு அவள் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னோடது கிடக்கட்டும், நான் அடுத்த தடவை எழுதிக்கறேன். மேடம், இவங்க தாளைச் சீக்கிரம் கொடுங்க. எங்க அண்ணனுக்குப் போன் பண்ணணும்."

மேசைப் பெண் கணினியில் தேடினாள். பிறகு அண்ணியை ஏறிட்டுப் பார்த்தாள்.

"எனக்குத் தாள் வராது" என்றாள் அண்ணி. "முடிச்சதும் திரையில கேட்டுச்சில்ல, மார்க்கை வச்சுக்கறீங்களா, பாக்காமலே அழிச்சுடலாமான்னு. அழிச்சா திரும்பக் கிடைக்காதுன்னும் போட்டிருந்துச்சு. இன்னிக்கு முழுக்க ஒரு நொடிகூட யோசிக்காம நான் பதில் போட்டது அது ஒண்ணுக்குத்தான்."