மாடியில் ஒரு ரிசீவர்

"வேண்டாம் வைதேகி. இன்டர்நெட்டுல கடுதாசி அனுப்பலாம், படம் அனுப்பலாம். வெளிநாட்டுக்குப் பேச விடக் கூடாது. சட்டம்."

மாமனார் தணிகாசலம் மாடிப்படியில் நின்றபடி சொன்னார். தொலைபேசி இலாகாவில் முப்பத்திரண்டு வருஷம். ஓய்வு பெற்ற பிறகும் இலாகா அவரை விடவில்லை.

"கம்பிக்கு என்ன மாமா தெரியும், உள்ளே போறது எழுத்தா குரலான்னு?"

"கம்பிக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். எல்லாரும் ஓசியில பேசிட்டா, கிராமத்துக்கு எதை வெச்சு லைன் இழுக்கறது?"

ராயப்பேட்டை வீட்டின் முன்னறையில் வைதேகி நடத்திய இன்டர்நெட் சென்டர். தொண்ணூற்றொன்பதில் தெருவுக்கே அது ஒன்றுதான். மூன்று கம்ப்யூட்டர், ஒரே டெலிபோன் லைன். மாடியில் யாராவது ரிசீவரை எடுத்தால் போதும், கீழே இணைப்பு அறுந்துவிடும்.

கடைசிக் கம்ப்யூட்டர் முன்னால் வஜீஹா, மடியில் குழந்தையோடு. நாற்பது நாள் முடிந்து இன்றைக்குத்தான் வெளியே வந்திருந்தாள். கணவன் குலாம் ரசூல் சிங்கப்பூரில். மகளின் குரலை அவன் இன்னும் கேட்டதில்லை. ஐ.எஸ்.டி. பூத் அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

"அந்தப் பொண்ணு எழுதி அனுப்பட்டுமே."

"பொறந்த குழந்தை எழுதுமா மாமா?"

"அவ பேசினா நான் ரிசீவரை எடுத்துடுவேன். சொல்லிட்டேன்."

படியேறிப் போய்விட்டார்.

வைதேகி இணைப்பைப் போட்டாள். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல். "வஜீஹா?"

"கேக்குதுங்க! இருங்க, பாப்பா இதோ. ஏய், அழுடி! வீட்ல ஊரையே கூட்டுவே, இங்க வந்து சிரிக்கிறே பாரு."

வைதேகி மைக்கைப் பிடித்தாள். குழந்தை உதட்டைப் பிதுக்கியது. மூச்சை இழுத்தது.

இணைப்பு அறுந்தது.

"அக்கா! அரை மணியில அவரு டூட்டிக்குப் போயிடுவாருக்கா!"

"எடுத்துட்டாரு, பாவி மனுஷன்!"

வைதேகி மாடிப்படியில் கால் வைத்தாள். வாசலில் இரண்டு பேர், கையில் தொலைபேசி இலாகா அடையாள அட்டை.

"வெளிநாட்டுக்குப் பேச விடறீங்களாமே? புகார் வந்திருக்கு. உண்மைன்னா லைனைப் பிடுங்கிடுவோம்."

மூன்று திரையையும் பார்த்தார்கள். எதிலும் இணைப்பு இல்லை. ஒருவர் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்தார். நிசப்தம்.

அப்போதுதான் குழந்தை வீறிட்டது.

"கைக்குழந்தையோட இங்கே என்னம்மா வேலை?"

"லெட்டர் வந்திருக்கான்னு பாக்க வந்தேன் சார்."

எதையோ குறித்துக்கொண்டு போனார்கள்.

வைதேகி மாடிக்கு ஓடினாள். தணிகாசலம் ரிசீவரைக் கையில் பிடித்தபடி தெருப்பக்க ஜன்னலில் நின்றிருந்தார்.

"மாமா..."

"சர்வீஸ்ல நான் போய்க்கிட்டிருந்த இலாகா ஜீப்பு. முனை திரும்பும்போதே சத்தம் தெரியும்."

"சட்டம்னீங்களே?"

"சட்டம்தான். இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

ஜன்னலில் எட்டிப் பார்த்தார். ரிசீவரை வைத்தார்.

"மணிக்கூண்டைத் தாண்டியிருப்பாங்க. சீக்கிரம் லைனைப் போடு, குழந்தை அழுகையை நிறுத்திடப் போகுது."