கிராமத் தலைவரின் கடைசி முத்திரை

ஹினோகுரா கிராம அலுவலகத்துக்கு அன்றுதான் கடைசி நாள். மூட ஐந்து நிமிடம் இருக்கையில் கியோனோ ஓர் உறையை நீட்டினாள்.

“நாளையிலேருந்து நம்ம ஊர் பக்கத்து நகராட்சியோட சேந்துடுது. அங்கேயே வந்து குடுங்களேன் அக்கா,” என்றாள் எழுத்தர் ஒரியே.

“இன்னிக்கே வேணும். கிராமத் தலைவர் முத்திரையோட.”

“அந்த முத்திரை மேல அவ்வளவு பாசமா?”

“பிரிச்சுப் பாரு.”

உள்ளே விவாகரத்துப் படிவம். கணவர் பெயருக்கு எதிரே, பக்கத்து அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த தலைவரின் சொந்த முத்திரை, கையெழுத்துக்குப் பதிலாக.

“இதை அலுவலகம் ஏத்துக்கிட்டதா, தலைவர்ங்கிற முறையில அவரே சான்று குடுக்கணுமே அக்கா?”

“குடுக்கட்டும். ஊரை ஒரு வார்த்தை கேக்காம நகரத்தோட சேத்துவெச்சார். என்னைப் பிரிச்சுவிடறதையும் அவர் கையாலேயே முடிக்கட்டும். நாளைக்கு அந்த அதிகாரம் அவருக்கு ஏது?”