உறைந்த கடலில் முதல் வண்டி

"பெல்ட்டைக் கழட்டுங்க. குழந்தைக்கும்தான்."

காவலர் வெல்லோ கார்க் கண்ணாடியைத் தட்டிச் சொன்னார்.

எங்கள் ஊரில் இது புதிதில்லை. கடல் உறைந்து அதன் மேல் தீவுக்குச் சாலை திறந்துவிட்டால், அதில் பெல்ட் போடுவதுதான் குற்றம். ஐஸ் உடைந்தால் சட்டென்று கதவைத் திறந்து குதிக்க வேண்டுமே! நான் மூன்று வயது ஹெல்மியின் வாரைக் கழற்றிவிட்டேன்.

"டிக்கியில என்ன?"

"பாட்டு நோட்டும் கீபோர்டும்" என்றேன். "பன்னெண்டு மணிக்குத் தீவுல சுதந்திர நாள் பாட்டு. நான்தான் குழுவை நடத்தணும். போன வருஷம் புயல்ல மாட்டிக்கிட்டு போகவே முடியல. இந்தத் தடவையும் கவுத்துட்டேன்னா வேற ஆளைப் பாத்துப்பாங்க."

"வண்டி எடை?"

"ஆயிரத்து முந்நூறு கிலோ" என்றான் என் கணவன் தாவி. "இவளைச் சேர்க்காம."

வெல்லோ சிரிக்கவில்லை. "இவங்க எவ்வளவு? நீங்க? குழந்தை?" என்று கேட்டு எழுதிக்கொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கொஞ்சம் இருங்க."

"எதுக்கு? முன்னால ஒரு வண்டியும் இல்லையே!"

வெல்லோ தடுப்புக் கட்டையை அப்படியே விட்டுவிட்டுக் காவல் குடிலுக்குப் பின்னால் போனார். சற்று நேரத்தில் தன் வேனை ஓட்டிக்கொண்டு வந்து, கட்டையைத் தூக்கி, வேனை அந்தப் பக்கம் விட்டு, மறுபடி இறக்கிவிட்டு ஐஸ் மேல் போயே போய்விட்டார்!

"பாத்தியா? நமக்குத்தான் சட்டம், அவருக்கு இல்ல" என்றான் தாவி. "அக்கரையில யாரோ விருந்துக்குக் கூப்பிட்டிருப்பாங்க."

"நாளைக்கே புகார் எழுதறேன்" என்றேன். மணி பதினொன்றே கால்.

இருபது நிமிடம் காத்திருந்தோம். ஹெல்மி அழ ஆரம்பித்தாள். நான் அந்த ஆளைத் திட்டாத திட்டில்லை.

ஒருவழியாக வேன் திரும்பி வந்தது. வெல்லோ இறங்கி, ஒரு மன்னிப்புகூடக் கேட்காமல் கட்டையைத் தூக்கினார்.

"அறுபதுல போங்க. குறைக்காதீங்க, எங்கேயும் நிறுத்தாதீங்க."

பத்தே நிமிடத்தில் அக்கரை வந்துவிட்டது. அங்கிருந்த காவல்காரப் பெண் சல்மே எங்கள் எண்ணைக் குறித்துக்கொண்டாள். நான் விடவில்லை.

"அந்தப் பக்கம் இருக்கற ஆள் டியூட்டி நேரத்துல ஊர் சுத்தப் போறார், தெரியுமா?"

"வெல்லோவா? இங்க வந்தவன் வண்டியை விட்டு இறங்கக்கூட இல்லையே" என்றாள் சல்மே. "காலையில நடுக்கடல்ல ஒரு விரிசல். பாதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாங்க. துளை போட்டு அளந்தாச்சு, கனம் சரியா இருக்கு, திறக்கலாம்னு மேலிடமும் சொல்லிடுச்சு. ஆனா அந்தப் புதுப் பாதையில முதல் வண்டி உங்களது."

"அதனால?"

"போன்ல சொன்னான்: 'உள்ள குழந்தை இருக்கு சல்மே, அளவுகோலை நம்பி எப்படி அனுப்பறது? நானே ஒரு தடவை போய்ப் பாத்துடறேன்'னு. உங்க வண்டி, நீங்க மூணு பேரு, எல்லா எடையும் கூட்டி, அதுக்குச் சரியா வேன்ல மணல் மூட்டை ஏத்திக்கிட்டு வந்தான்."

நான் ஹெல்மியைத் திரும்பிப் பார்த்தேன்.

"எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றான் தாவி.

"சொன்னா பயப்படுவீங்க. பயந்தா கால் தானா பிரேக்குக்குப் போகும். ஐஸ் மேல அது ஆபத்து."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வந்திருக்கிறேன்.

தாவிக்கு மட்டும் இன்னும் மனசு இறங்கவில்லை. "கடலோரத்து ஆளு. உடைஞ்சாலும் நீந்தி வந்துடலாம்னு தைரியமாப் போயிருப்பாரு" என்றான்.

"யாரு, வெல்லோவா?" சல்மே சிரித்துவிட்டாள். "கோடையில முழங்கால் தண்ணிக்கு மேல இறங்க மாட்டான். அவனுக்கு நீச்சலே தெரியாது."