மனக்கசப்புக்கு ஒரு வாக்கியம்

அச்சுக்குப் போகவேண்டிய தாளில் அந்த வரியைப் பார்த்ததும் அகராதி ஆசிரியர் திருத்திக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

‘மனக்கசப்பு: ஒருவர் செய்த செயலால் மனம் புண்பட்டு, அவர்மேல் உள்ளுக்குள்ளேயே வளரும் வெறுப்பு. (எ-டு) கூட இருந்தே குழி பறித்தவர்மேல் அவளுக்குத் தீராத மனக்கசப்பு.’

எழுதியவள் எதிர் மேசையில்தான் இருந்தாள், உதவியாசிரியை. எடுத்துக்காட்டுகளைக் கற்பனையில் ஜோடிக்கக் கூடாது, அவரவர் வாழ்க்கையிலிருந்து எடுக்கவேண்டும் என்று சட்டம் போட்டவரே இவர்தான். நன்றாக வேண்டும் மனுஷனுக்கு!

இரண்டு வருஷத்துக்கு முன், அவளுக்கு வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வேலை கிடைப்பதாக இருந்தது. இவர் ஒரு சிபாரிசுக் கடிதம் அனுப்பினால் போதும். ஆனால் அவள் போய்விட்டால் ‘ப’ வரிசையை யார் முடிப்பது? கடிதத்தை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டு, “அனுப்பியாச்சும்மா” என்று வாய் கூசாமல் சொன்னார். வேலை வேறு யாருக்கோ போனது.

அன்றிலிருந்து அவளை நேருக்கு நேர் பார்க்கவே அவருக்குக் கூச்சம்.

“சார், டீ ஆறுது பாருங்க. பொண்ணுக்குக் காய்ச்சல் தேவலையா?” என்று சிரித்த முகமாய்க் கேட்டாள்.

அந்த அக்கறைதான் அவரைக் கொன்றது. உள்ளே இவ்வளவு வைத்துக்கொண்டு எப்படித்தான் சிரிக்கிறாளோ! அதற்குமேல் அவரால் தாங்க முடியவில்லை. தாளும் கையுமாக எழுந்து போய் அவள் முன்னால் நின்றார்.

“என்னை மன்னிச்சிடும்மா. நீ போயிட்டா இங்க வேலை நின்னுடுமேன்னு சுயநலமா யோசிச்சிட்டேன். பெரிய பாவம். இதை நீ இத்தனை நாளா மனசுல வெச்சுக்கிட்டு...” என்று தாளை அவளிடம் நீட்டினார்.

அவள் ஒன்றும் புரியாமல் தாளை வாங்கிப் பார்த்தாள். குபீரென்று சிரித்துவிட்டாள்.

“ஐயோ சார், இது என் நாத்தனாரை நெனச்சு எழுதினது! ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு, மாமியார்கிட்ட என்னைப் பத்தி இல்லாததும் பொல்லாததும் சொல்லி...”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அவரையே பார்த்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது.

“அப்போ... அந்த லெட்டரை நீங்க அனுப்பவே இல்லையா சார்?”