சேர்மனின் கையெழுத்து

"மூணாவது தடவையும் திருப்பி அனுப்பிட்டாங்கப்பா. கையெழுத்து ஒத்துப்போகலையாம்" என்றாள் மகள்.

அப்பா கடிதத்தை வாங்கி, கம்பெனி செய்த தப்பைத் தேடுகிறவர் போல இரண்டு முறை படித்தார்.

தெருவில் அவருக்கு 'சேர்மன்' என்று பெயர். சோப்பிலிருந்து சிமெண்ட் வரை செய்யும் ஒரு நூறு வருடக் கம்பெனியில் அவர் பெயரில் இருநூறு பங்குகள் இருந்தன. முப்பது வருடத்தில் போனஸாகக் குட்டி போட்டு அவை நாலாயிரம் ஆகியிருந்தன. 'எங்க கம்பெனி' என்றுதான் சொல்வார். பட்டப்பெயரில் இருந்த கேலி தெருவுக்கே தெரியும். அவருக்கு மட்டும் தெரியாது. சலூன் நாற்காலியில், பாதி முகத்தில் நுரையோடு, பாடம் எடுப்பார்: சின்னக் கம்பெனி காளான், பெரிய கம்பெனி ஆலமரம், நட்டுவிட்டு மறந்துவிட வேண்டும்.

மறந்துதான் போயிருந்தார். பழைய காகிதப் பத்திரங்கள் அலமாரியிலேயே கிடந்தன. இப்போது விற்க வேண்டுமானால், அன்று விண்ணப்பத்தில் போட்ட அதே கையெழுத்தை மறுபடி போட்டுக் காட்டச் சொல்கிறது கம்பெனி.

பக்கத்துக் கட்டிலில் அம்மா. மூளையில் கட்டி. முதலில் வலது கையை எடுத்துக்கொண்டது, பிறகு பேச்சை. திங்கட்கிழமை ஆபரேஷன். முன்பணம் கட்டினால்தான் தேதி நிற்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் விற்பதற்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

அப்பா பேனாவை எடுத்தார். இளவயதுக் கையெழுத்தைத் தேடி ஒரு வாரமாக எழுதி எழுதி ஒரு நோட்டே தீர்ந்திருந்தது. ஒன்றில் வால் நீளம், ஒன்றில் சுழி பெரிது.

"ஆலமரம் சரிப்பா, அவசரத்துக்கு ஒரு இலைகூடக் கிள்ள முடியலையே."

"ஊரே திடீர்க் கம்பெனியில கொட்டிக் கோட்டை விட்டப்போ, பெரிய கம்பெனியாப் பார்த்து எடுத்தவன்டி நான். உங்கம்மாவுக்குப் பங்குன்னா வீட்டுப் பங்குதான் தெரியும்."

பில், படிவம் என்று வீட்டுக் காகிதம் எதையும் அவர் தொட்டதில்லை. பெரிய முடிவுகள் மட்டுமே அவருடைய இலாகா.

அம்மா ஏதோ முனகினாள். அவளுடைய இடது கை பேனாவின் பக்கம் நீண்டது.

"தண்ணி கேக்கறா, குடு" என்றார் அப்பா.

மகள் டம்ளரை நீட்டினாள். அம்மா குடிக்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மகள் கம்பெனியின் பங்கு அலுவலகத்துக்கே போய் நின்றாள். கவுன்டரில் இருந்த குமாஸ்தா முதலில் விதிகளைத்தான் சொன்னார். டாக்டரின் சீட்டைப் பார்த்ததும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"காட்டக் கூடாதும்மா. ஒரு தடவை பார்த்துக்குங்க. எப்படிப் போட்டார்னு அப்பாகிட்ட போய்ச் சொல்லுங்க."

கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பினார். முப்பது வருடத்துக்கு முந்தைய விண்ணப்பம். முழுவதையும் ஒரே கை நிரப்பியிருந்தது. அடியில் அப்பாவின் பெயர்: வலப்பக்கம் சாய்ந்த குண்டு எழுத்து, கீழே இரண்டு புள்ளி.

அவளுக்கு அதை நன்றாகத் தெரியும். பத்து வருடம் அவளுடைய ரேங்க் கார்டில், 'தந்தை கையெழுத்து' என்ற கட்டத்தில், அடுப்பைத் தணித்துவிட்டு வந்து அம்மா போட்டது.

"வெள்ளிக்கிழமைக்குள்ள இதே மாதிரி போட்டு வாங்கிட்டு வந்துடுங்க. பணம் உடனே வந்துடும்" என்றார் குமாஸ்தா.

அதைப் போடத் தெரிந்த கை ஒன்றுதான். அந்தக் கை அசையத்தான் திங்கட்கிழமை ஆபரேஷன்.