மேல்மாடிச் சத்தம்

வெள்ளவத்தை ஃபிளாட்டின் மேல்மாடிக் கதவை ஜவாத் இந்தக் கிழமையில் மூன்றாவது தடவையாக இடித்தான். இசைச் சிகிச்சை டீச்சர் அனுஷியா, கையில் றபான் மேளத்தோடு வந்து திறந்தாள்.

“எத்தின தரம் செல்ற டீச்சர்? அந்தியாகினா டொம் டொம்முண்டு நாலு தட்டு! கீழ ஏலாத புள்ள ஒண்டு ஈக்குது. பத்துத் தரம் கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காத புள்ள. அதுக்கு இந்தச் சத்தம் வேறயா?”

“நான் மூண்டு தரந்தான் தட்டுறனான், ஜவாத் நானா.”

“எனக்கென்ன காது கேக்காதா? நாலு!”

“ஆஸ்பத்திரியில மூண்டு தட்டிப்போட்டுப் பாத்துக்கொண்டிருப்பம். நாலாவதைப் பிள்ளை தட்டோணும். அதைத்தான் இங்க பழகினனான். போன கிழமை தொடக்கம் நாலாவது கீழயிருந்து வருது.”

“கீழ நானும் என்ட மக ஜுமானாவும் மட்டுந்தானே ஈக்குறம்!” என்று எரிந்து விழுந்தவன் அப்படியே நின்றான்.

பிறகு றபானைப் பறித்து மூன்று தரம் தட்டினான்.

மகளின் அறைப் பக்கமிருந்து ‘டொக்’ என்றது.

“வாப்பா கூப்பிட்டா மட்டும் கேக்காது, என்ன?” என்று தரையைப் பார்த்துக் கத்திவிட்டு, ஜவாத் மறுபடியும் மூன்று தரம் தட்டினான்.