காலை எடுக்காதீங்க, சார்

ஆக்லாந்தின் ஹென்டர்சனில் மோட்டர்வேக்கு ஏறும் பாதையில் காரை ஓட்டியபடியே ஏர்னஸ்ட் டர்போ பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது சும்மா கார் இல்லை. ஒரே பெட்ரோலை ரெண்டு தரம் எரிக்கும். அதுதான் டர்போ."

"அப்படியா சார்," என்றார் பக்கத்தில் இருந்த செல்வராஜ்.

ஜப்பானில் ஏழு வருடம் ஓடிவிட்டு ஆக்லாந்துக்குக் கப்பலேறி வந்த கார். இரண்டு பக்கக் கதவிலும் டர்போ என்று பெரிதாக எழுதியிருந்தது. வாங்கிய ஆறு மாதத்தில் ஏர்னஸ்ட் எண்பதைத் தாண்டியதில்லை. ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்களுக்கு பொனட்டைத் திறந்து காட்டியதுதான் அதிகம்.

குடியேறி வந்தவர்களுக்கு வேலை தேடிக்கொடுக்கும் எல்லர்ஸ்லி அலுவலகம் ஒன்றில் அவர் ஆலோசகர். செல்வராஜ் கோயம்புத்தூரிலிருந்து வந்து ஒன்பது மாதம். போன இடமெல்லாம் நியூசிலாந்து அனுபவம் இல்லையென்று திருப்பி அனுப்பினார்கள். இன்றைக்குத்தான் முதல் வேலை: பழைய கார் விற்கிற யார்டில் கார் கழுவுவது.

வேலையும் எடுத்துக்கொடுத்து, முதல் நாள் லிஃப்டும் கொடுக்கிற பெருந்தன்மை ஏர்னஸ்டின் முகத்தில் அப்படியே தெரிந்தது.

வலப்பக்கம் மரம் ஏற்றிய லொறி ஒன்று வந்துகொண்டிருந்தது. முந்திவிடலாம் என்று ஏர்னஸ்ட் ஆக்சிலேட்டரை மிதித்தார்.

கார் வேகமெடுக்கவில்லை.

பயந்து காலை எடுத்தார். மறுபடி மிதித்தார். மறுபடி எடுத்தார். இவர்களுடைய லேன் முன்னால் குறுகிக்கொண்டே வந்தது. லொறி ஹோர்ன் அடித்தது.

"காலை எடுக்காதீங்க, சார்! மிதிச்சபடியே இருங்க, வரும்!"

வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். அது கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ள வேண்டும். அதற்கு ஒரு விநாடி பிடிக்கும். அந்த ஒரு விநாடி ஏர்னஸ்டிடம் இல்லை.

செல்வராஜ் அவருடைய முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்தார்.

மெல்லிய விசில் சத்தம். பிறகு யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல கார் பாய்ந்தது. கண்ணாடியில் லொறி சின்னதாகிப் போனது.

கொஞ்ச தூரம் போனதும் ஏர்னஸ்ட் சட்டைக் காலரை நேராக்கிக்கொண்டார்.

"பாத்தீரோ என்ர கொன்ட்ரோலை?" என்றார் ஏர்னஸ்ட். "கார் கழுவேக்க இதெல்லாம் தெரிஞ்சிருந்தா நல்லது. உமக்கு முந்தி எஞ்சின் பழக்கம் ஏதும் இருக்கோ?"

செல்வராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"கொஞ்சம், சார்."

அவருடைய பயோடேட்டாவில் இப்போது ஒரு பக்கம்தான் இருக்கிறது. அதற்கு மேல் இருந்தால் இந்த ஊரில் யாரும் படிக்கமாட்டார்கள் என்று சொல்லி ஏர்னஸ்ட்தான் முதல் பக்கத்தை உருவிப் போட்டார். அவரும் அதைப் படிக்கவில்லை.

இயந்திரப் பொறியாளர். டர்போசார்ஜர் வடிவமைப்பு, பதினொரு வருடம்.